கள்ளுக்கடை மறியலும் சிந்தனைப் பதிவேடும்: கெடா தோட்டப்புறத்தில் மனநல ஆலோசனை வந்த வழி

சிபிடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் வரலாற்றை அமெரிக்காவிலிருந்து தொடங்குவதே வழக்கம். 1955 வாக்கில் ஆல்பர்ட் எல்லிஸ் நியூயார்க்கில் உளப்பகுப்பாய்விலிருந்து விலகினார். 1960களில் ஆரோன் பெக் பிலடெல்பியாவில், மனச்சோர்வுற்றவர்களின் மனத்தில் தாமாகவே எழும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். அவரும் சகாக்களும் மனச்சோர்வுக்கான சிகிச்சையை விவரித்து எழுதிய நூல் 1979இல் வெளிவந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் இம்முறையைப் பழகும் ஆலோசகருக்கு இந்த வரலாறு பாதிதான் பயன்படும். மறுபாதி, கூலிமுக்கும் சுங்கை பட்டாணிக்கும் இடையிலுள்ள ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் துயரத்துக்கு மருந்தாகக் கிடைத்தது கள். நிர்வாகத்தின் ஒப்புதலோடு நடந்த கள்ளுக்கடை, சம்பளப் பணத்தைக் கங்காணிக்கு அடுத்தபடியாகத் தின்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை இதைத்தான் குறிவைத்தது. இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர்கள் பலர் அதில் இருந்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் போலீசாருடன் மோதலாக வெடித்தது; மறு ஆண்டு வந்த அவசரகாலம் இயக்கத்தின் கதையை முடித்தது. ஒருவரைக் குடிக்கத் தூண்டும் சூழலையே அவர் கண்ணிலிருந்து அகற்றுவது என்று நடத்தைச் சிகிச்சையாளர்கள் பின்னாளில் பாடம் நடத்தியதை, இவர்கள் கடை வாசலில் நின்று செய்துகாட்டினார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் குடிப்பவனின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்று அன்று யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை. துயரம் தோட்டத்துப் பிரச்சினை, கூலிப் பிரச்சினை, மானப் பிரச்சினை. தனிமனிதப் பிரச்சினையாக அது எண்ணப்படவே இல்லை.

அப்படி எண்ணவேண்டிய நிலை பிறகு வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்துக் குடும்பங்கள் மலிவுவிலை அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டபின் பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். இதற்கிடையே, மனநல மருத்துவர் டி. மணியம் 1988இல் வெளியிட்ட கேமரன் மலை ஆய்வு, தற்கொலைகளில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தை மிஞ்சியிருப்பதைக் காட்டியது. 2009க்கான தேசியத் தற்கொலைப் பதிவேட்டில் நாடு முழுவதற்குமான விகிதம் லட்சத்துக்கு 1.18, இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூன்று மடங்கு. தற்கொலைக்குத் தோட்டத்தில் எளிதாகக் கைக்கெட்டிய களைக்கொல்லி பாராகுவாட். 2002இல் தடை, 2006இல் தளர்வு, 2020இல் மீண்டும் தடை என்று அதன் கதை இழுபட்டது.

நிறுவனங்களின் கதையைச் சுருக்கிவிடலாம். 1911 முதல் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை என்றாலே மக்களுக்கு அச்சம். பள்ளி வழிகாட்டல் 1960களில் தொடங்கியது. 1996இல் இடைநிலைப் பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர்கள் வந்தனர். ஆலோசகர் சட்டம் 1998இல் நிறைவேறியபின் பதிவும் தொழில் சான்றிதழும் இல்லாமல் எவரும் ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது.

சிகிச்சை முறையை உள்ளூர் மனத்துக்கு ஏற்பத் திருத்தும் முயற்சி முதலில் மலாய் முஸ்லிம்களுக்காக நடந்தது. கிளந்தானில் ஆய்வாளர்கள் அஸ்ஹாரும் வர்மாவும் 1990களின் நடுவில், பதற்றமும் மனச்சோர்வும் உள்ள முஸ்லிம் நோயாளிகளுக்கு இறைநம்பிக்கையை இணைத்த உளச்சிகிச்சையைச் சோதித்தனர். பின்னர் பிர்டாவுஸ் முக்தார், பெக்கின் மனச்சோர்வு அளவுகோலை மலாயில் சரிபார்த்தார். மலாய் நோயாளிகளுக்குக் குழுவாகச் சிபிடி அளித்தும் ஆராய்ந்தார்.

தமிழருக்கு நெருக்கமான எச்சரிக்கை இந்தியாவிலிருந்து முன்பே வந்திருந்தது. 1964இல் பெங்களூரில் என். சி. சூரியாவும் ஜெயராமும், இந்திய நோயாளி தன் மனத்தின் ஆழத்தைத் துருவ விரும்புவதைவிட நேரடி ஆதரவையே நாடுகிறார் என்று எழுதினர். 1973இல் ஜே. எஸ். நேகி, குரு–சீடர் உறவையே சிகிச்சை உறவுக்கு மாதிரியாகக் கொள்ளலாமா என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் தயா சோமசுந்தரம் மரபான தளர்வுப் பயிற்சிகளைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்.

பயிற்சியின் சிக்கல், இப்படி நேரடி ஆதரவை நாடும் நோயாளியின் முன்தான் பிடிபடும். எடுத்துக்காட்டாக, பால்மரம் வெட்டி ஓய்ந்த ஓர் அம்மா, மகன் மூன்று நாளாகப் போன் செய்யவில்லை என்கிறார். சிபிடியில் நோயாளி நிரப்பும் சிந்தனைப் பதிவேட்டின் முதல் கட்டத்தில் இந்த நிகழ்ச்சி. அடுத்ததில் 'நான் அவனுக்குப் பாரம்' என்ற எண்ணம். அதற்கடுத்து நூற்றுக்கு எண்பது கவலை. பிறகு பாடப்புத்தகம் சொல்லித்தரும் கேள்வி: 'அதற்கு என்ன ஆதாரம்?' ஆபீஸ் கிராணி (எழுத்தர்) முன் கைகட்டி நின்று பழகியவர் காதில் அது விசாரணையாக விழும். 'நீங்களே சொல்லுங்க டீச்சர், நான் என்ன செய்யணும்?' என்பார். அனுபவமுள்ள ஆலோசகர், 'உங்க தங்கச்சி இதே கவலையோட வந்தா அவுங்களுக்கு என்னம்மா சொல்லுவீங்க?' என்று திருப்பிக் கேட்பார். அந்த அம்மா தங்கைக்குச் சொல்லும் பதிலே, மாற்று எண்ணத்துக்கான ஐந்தாவது கட்டத்தை நிரப்பிவிடும்.

எண்ணங்களை எடைபோடுவதைவிடச் செயல்களைத் திட்டமிடுவதிலிருந்து தொடங்குவதே இங்கு ஏற்றது என்பது என் முடிவு. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், உளவியல் படிக்காத உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நடத்திய செயலூக்கச் சிகிச்சையின் பயன் 2017இல் லான்செட்டில் நிறுவப்பட்டது. கிராமப்புறப் பாகிஸ்தானில் அத்திஃப் ரஹ்மான் குழு 2008இல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவு: மகளிர் சுகாதாரப் பணியாளர்கள் சிபிடி வழியில் துணைநின்ற தாய்மாரில், ஆறு மாதங்களுக்குப்பின் மனச்சோர்வு நீடித்தவர்கள் 23 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 53. குழந்தையின் நலன் என்ற பெயரில் வீட்டுக்குள் போனதால் மாமியார்களும் ஒத்துழைத்தனர்.

ஆலோசகரின் திறமையை அளக்க, யங்கும் பெக்கும் 1980இல் வகுத்த அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பதினொரு கூறுகளுக்கு ஆறு வரை மதிப்பெண் தருவார்கள். 66க்கு 40 பெற்றால் தேர்ச்சி. அறிவுரை சொல்லி முடித்துவிடுபவர், நோயாளியே விடைகாண வழிநடத்துதல் என்ற கூறில் மதிப்பெண் இழப்பார். இந்த வட்டாரத்தில் பயிற்றுவிப்போர் அந்த இடத்தில் தாராளம் காட்ட வேண்டும் என்று வாதிடலாம். நான் அப்படி வாதிடமாட்டேன். ஆனால் ஒலிப்பதிவைக் கேட்பவருக்குச் சிபிடியோடு தோட்டத்துத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். 'டீச்சர்' என்று அழைத்தபின் அந்த அம்மா மௌனமாக இருந்தது யோசிப்பதற்கா, பணிவினாலா என்று பிரித்துக் கேட்கத் தெரியாதவர் போடும் மதிப்பெண் எதையும் அளக்காது.