நெல் விளைந்த நாட்டில் அரிசிக்கு வரிசை

1962 மார்ச் 2, விடிவதற்கு முன்பே ரங்கூன் ராணுவத்தின் கையில் இருந்தது. பிரதமர் ஊ நு கைதானார். காலையில் ஜெனரல் நே வின் வானொலியில் பேசி, நாட்டை ராணுவம் பொறுப்பேற்றுவிட்டதாக அறிவித்தார். அன்று சுடப்பட்டு இறந்தவன், பர்மாவின் முதல் குடியரசுத் தலைவர் சாவ் ஷ்வே தைக்கின் 17 வயது மகன். தந்தையும் அதே ஆண்டு சிறையில் இறந்தார்.

மக்கள் பெரிதாகப் பதறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1958-லும் இதே நே வின் ஆட்சிக்கு வந்தார். 1960-ல் தேர்தல் நடத்தி ஊ நுவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். "இந்தத் தடவையும் போயிடுவார்" என்று நினைக்க இடமிருந்தது. ஜூலை 7-ல் அந்த நினைப்பு போனது. ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள்மீது ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் 15 பேர் இறந்தார்கள். மாணவர்கள் சொன்ன கணக்கு அதைவிடப் பல மடங்கு. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஆங் சானும் ஊ நுவும் மாணவத் தலைவர்களாக இருந்த சங்கம் அது.

சரி, இதுக்கும் திருப்பனந்தாளுக்கும் என்ன சம்பந்தம்?

காவிரி டெல்டாவும் ஐராவதி டெல்டாவும் நெல்லால் கட்டப்பட்டவை. இரண்டுக்கும் நடுவில் கடல் மட்டும்தான். தஞ்சை, ராமநாதபுரம் பக்கத்துக் கூலிகள் அங்கே கதிர் அறுக்கப் போனார்கள். அங்கே விளைந்த அரிசி இங்கே வந்து இறங்கியது. 1930-களில் பர்மா அரிசி மலிவாக வந்து குவிந்தபோது திருப்பனந்தாள் போன்ற ஊர்களின் வயல் சோற்றுக்கும் அதுதான் போட்டி. தஞ்சை மிராசுதாரர்கள் இறக்குமதி வரி கேட்டார்கள். போருக்கு முன் உலகிலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் டன்.

அந்த வயல்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 சதவீதமானது. பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானதுதான். அதை மறைத்துவிட்டு நம் இழப்பை மட்டும் எழுதினால் வரலாறு ஆகாது.

ஆனால் அந்தக் கோபத்தை நே வின் யார் தலையில் இறக்கினார் என்று பாருங்கள். பெரும்பாலான செட்டியார்கள் 1942-ல் ஜப்பான் படை வந்தபோதே கிளம்பிவிட்டார்கள். நிலமும் சுதந்திர பர்மாவின் நிலச் சட்டங்களில் போய்விட்டது. மிஞ்சி இருந்தவர்கள் சிறு கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள், கூலிகள். 1963-ல் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் கடைகள். பெயர்ப்பலகை இறங்கி 'மக்கள் கடை' என்று எண்ணோடு ஒரு பலகை ஏறியது. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று ஆணை. துப்பாக்கிச் சத்தமே இல்லாமல், வெறும் ஆணைகளால், ஒருவருடைய முப்பது வருடச் சேமிப்பு கரைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகை, பணம் எடுத்துவர முடியவில்லை. சென்னை பர்மா பஜாரும், காரைக்குடி போன்ற ஊர்களின் பர்மா காலனிகளும், வியாசர்பாடித் தெருக்களில் விற்கும் அத்தோவும் அந்தக் கப்பல்களில் வந்தவை.

வெளியேற்றியதால் பர்மிய விவசாயிக்கு என்ன கிடைத்தது? பழைய வட்டிக்காரர் இடத்தில் அரசு உட்கார்ந்தது. நெல்லை அரசுக்கே விற்க வேண்டும், அரசு சொன்ன குறைந்த விலைக்கு. கட்டுப்படியாகாத விலைக்கு யார் கூடுதலாக விளைவிப்பார்கள்? டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏற்றுமதி பத்து லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. 1967-ல் ரங்கூனிலேயே அரிசித் தட்டுப்பாடு. அந்த ஜூனில் சீனர்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தபோது, அரிசிக் கோபத்துக்கு அது வடிகாலானது என்று வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள். இந்தியர்கள் போய்விட்டதால் அடுத்த அந்நியர் தேவைப்பட்டார். ராணுவ ஆட்சிக்குத் தோல்வியைக் கட்டிவைக்க எப்போதும் ஒரு முதுகு வேண்டும்.

கப்பலேறி வந்தவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. தரைவழியாகத் திரும்பிப்போக முயன்றார்கள். எல்லையில் தடுத்தார்கள். அப்படியே மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு.

2021 பிப்ரவரி 1-ல் மியான்மரில் மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதே எல்லை வழியாக, இந்தத் தடவை பர்மியர்கள் ஓடிவந்தார்கள். மார்ச் கடைசியில் மணிப்பூர் அரசு, அவர்களுக்கு உணவு, தங்குமிடம் தர முகாம் திறக்க வேண்டாம் என்று மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணை அனுப்பியது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றது. 1964-ல் வெறுங்கையோடு வந்து நின்றவர்களுக்கு நம் ஊர்கள் இடம் கொடுத்தன. அந்த நினைவு நமக்கு இருந்தால், மோரே வாசலில் நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.