சோபாவில் உட்கார்ந்த அப்பாக்கள்

ஒரு அறை. ஒரு சோபா. எதிரே நாற்காலியில் ஒரு மனநல சிகிச்சையாளர். வந்தவர் பேசுகிறார், இவர் கேட்கிறார். அரை மணி நேரம் இதேதான். பாட்டு இல்லை, சண்டை இல்லை. இதை எவன் உட்கார்ந்து பார்ப்பான் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் இந்த ஒரு சீரியல் நாடு நாடாகப் போயிருக்கிறது. போன இடமெல்லாம் அந்த ஊர்க் காயம் ஒன்றை சோபாவில் உட்கார வைத்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன்.

ஆரம்பம் இஸ்ரேலில், 2005இல். ஹகாய் லெவி என்பவர் ஓரி சிவன், நிர் பெர்க்மன் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கியது. பெயர் 'பெடிபுல்'. ஹீப்ருவில் 'சிகிச்சையில்' என்று பொருள். வாரத்தில் ஐந்து நாள் ஒளிபரப்பு. நான்கு நாள் நோயாளிகள். ஐந்தாம் நாள் சிகிச்சையாளரே தன் மூத்த ஆலோசகரிடம் போய்ப் புலம்புவார்! மருத்துவருக்கும் ஒரு மருத்துவர் வேண்டும் என்ற இந்த ஏற்பாடுதான் சீரியலின் உயிர்.

சிகிச்சையாளராக நடித்தவர் அசி தயான். 1967 போரின்போது இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த, ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை கட்டிய மோஷே தயானின் மகன். அவர் எதிரே சோபாவில் வந்து உட்காரும் நோயாளிகளில் ஒருவர் போர் விமானி. தான் போட்ட குண்டில் பாலஸ்தீனப் பொதுமக்கள் இறந்துபோனதை எந்தச் சலனமும் இல்லாமல் சொல்பவர். போர்த் தளபதியின் மகன் உட்கார்ந்து அதைக் கேட்கிறார். எழுதி வைத்த வசனத்தைவிட இதுவே கனமாக இருக்கும், இல்லையா?

இதை அமெரிக்காவில் 2008இல் எச்பிஓ எடுத்தது. பெயர் 'இன் ட்ரீட்மெண்ட்'. கேப்ரியல் பைர்ன் சிகிச்சையாளர் பால். அமெரிக்காவுக்கு ஏற்ப மாற்றியவர் ரோட்ரிகோ கார்சியா, எழுத்தாளர் மார்க்வெஸின் மகன். (இங்கேயும் ஒரு பெரிய அப்பாவின் பிள்ளை!) முதல் சீசனில் மட்டும் 43 பகுதிகள். விமானி இங்கே கறுப்பினத்தவர். ஈராக்கில் அவர் போட்ட குண்டு ஒரு மதரஸாவில் விழுந்து 16 சிறுவர்கள் இறந்துவிடுகிறார்கள். குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை என்கிறார். பிறகு அவரே விமான விபத்தில் இறந்துபோக, அதே அறைக்கு அவருடைய அப்பா வருகிறார். என் மகன் உங்களிடம் என்ன சொன்னான் என்று தெரிந்துகொள்ள வருகிறார். அந்த அப்பாவாக நடித்த க்ளின் டர்மனுக்கு எம்மி விருது கிடைத்தது.

பிரான்ஸ் 2021இல் எடுத்தபோது விமானி இல்லை. 2015 நவம்பரில் பாரிஸ் பட்டாக்லான் அரங்கில் நடந்த தாக்குதலுக்குப் பின், அங்கே உள்ளே போன போலீஸ்காரர் வந்து உட்கார்ந்தார். அவர் குடும்பத்தின் வேர் அல்ஜீரியாவில்.

இப்போது நமக்கு நெருங்கிய கதைக்கு வருகிறேன். ஹீப்ரு மூலத்தில் இரண்டே சீசன்தான். அதனால் 2010இல் எச்பிஓ மூன்றாவது சீசனுக்குச் சொந்தமாகக் கதை எழுத வேண்டியதாயிற்று. அப்படிப் பிறந்தவர்தான் சுனில். கொல்கத்தாவில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மகன் அழைத்துப் போய் ப்ரூக்ளினில் வைத்துக்கொள்கிறான். நடித்தவர் இர்ஃபான் கான். 2020இல் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது சுனில்தான்.

காசு கொடுத்து ஒருவரிடம் மனதைத் திறப்பது சுனிலுக்கு வேடிக்கையாக இருக்கிறது. உண்மையில் ஃப்ராய்டின் முறை கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. 1922லேயே கிரீந்திரசேகர் போஸ் அங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை ஆரம்பித்துவிட்டார். 1931இல் ஃப்ராய்டின் 75ஆவது பிறந்தநாளுக்குத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை அங்கிருந்துதான் போனது.

(முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

மருமகளுக்கு சுனிலால் ஆபத்து வருமோ என்று பால் பயந்து எச்சரிக்கிறார். சுனில் கைதாகிறார், நாடு கடத்தப்படப் போகிறார். பார்க்கப் போன பாலுக்கு அதிர்ச்சி. சுனில் நிம்மதியாக இருக்கிறார். பாலின் பயமே அவருக்கு வழியாகிவிட்டது. ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மகனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கேட்பதைவிடச் சிறைக்குப் போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அந்தப் பகுதியை நான் புனேயில் ஹாலில் உட்கார்ந்து பார்த்தேன். உள் அறையில் அப்பா படுத்திருந்தார். அம்மா போனபின் மாயவரத்திலிருந்து அழைத்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆபீஸிலிருந்து வந்ததும் "சௌகரியமா இருக்கீங்களாப்பா?" என்று கேட்பேன். "எனக்கென்னப்பா குறை" என்பார். தினமும் இதே கேள்வி, இதே பதில். இந்தி தெரியாத மனிதர். பகல் முழுக்க டிவியும் ஜன்னலும்தான் துணை. சுனிலின் மகனும் கெட்டவன் இல்லை. என்னைப் போலத்தான்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது கேள்வியை மாற்றினேன். "அப்பா, ஊருக்குப் போகணும்னு இருக்கா?"

உடனே பதில் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"திரும்பி வர டிக்கெட்டும் போட்டுடுப்பா," என்றார். "தேதி மட்டும் நான் அங்க போய் சொல்றேன்."