இலவச ஒலித்துணுக்குகள்: தரம் பார்ப்பது எப்படி?

வீட்டுக் கணினியில் பாட்டமைக்கும் நம் இளையோருக்கு இலவச ஒலித்தொகுப்புகள் பெரும் உதவி. அவற்றில் நான் மூன்றைப் பார்ப்பேன்.

முதலாவது, மெல்லிய அடியும் ஓங்கிய அடியும் தனித்தனியே பதிவாகியிருக்க வேண்டும். ஒரே பதிவின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் மேளத்தில் உயிர் இராது.

இரண்டாவது, ஒலி அடங்கும் இடத்தை ஹெட்போனில் கேளுங்கள். இரைச்சலும் திடீர் வெட்டும் அங்கேதான் பிடிபடும்.

மூன்றாவது, உரிமம். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் தளத்தில் அது ஒலிக்கு ஒலி வேறுபடும். 'சிசி0' என்றால் தடையில்லை. 'பிவை' என்றால் பதிந்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். 'என்சி' என்றால் வணிகத்துக்கு ஆகாது.

நினைவேந்தலுக்கு அமைத்த பாடலைப் பின்னர் இறுவட்டாக விற்க நேரலாம். தரவிறக்கும்போதே உரிமத்தைக் குறித்து வையுங்கள்.