லயத்து வாசலும் துரையின் அதிகாரமும்

வீட்டிலிருந்தபடியே உத்தியோகம் பார்க்கும் வழக்கம், 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோதுதான் கோலாலம்பூரில் பிறந்தது என்று பலரும் எண்ணுகின்றனர். ஆயினும், குடியிருப்பும் ஜீவனமும் ஒரே வேலிக்குள் அடங்கிக் கிடப்பதால் விளையும் மனக்கிலேசத்தைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் அனுபவித்த சரித்திரம், ரப்பர் மரம் அம்மண்ணில் வேரூன்றிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசையாய்க் குடியிருந்த லயத்து வீடு, தோட்டத்தை ஆண்ட துரையின் சொத்து; வேலை போனால் கூரையும் போயிற்று. விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்தபின் பால்மரம் சீவப் புறப்படுவார்கள். வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் தணிந்துவிடுமாதலால் அத்தொழிலுக்கு இயற்கையே ஓர் எல்லையை வகுத்திருந்தது. மரத்தை எவரும் லயத்துக்குள் தூக்கி வர இயலாதன்றோ! ஆனால் வேலைக்கு இருந்த அந்த எல்லை அதிகாரத்துக்கு இருக்கவில்லை. பள்ளிக்கூடமும் மாரியம்மன் கோயிலும் கள்ளுக்கடையும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தபடியால், பால் வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் தொழிலாளி துரையின் பார்வையிலேயே நடமாடினான்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த தமிழர்களின் நிலை இதனினும் கௌரவமானதே. எனினும் அவர்களுக்கும் வீடு உத்தியோகத்தின் நிழலாகவே இருந்தது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தைக் கூலி உயர்வுப் போராட்டம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுவது நியாயமாகாது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும் என்பவற்றோடு, உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் சம்பிரதாயம் தொலைய வேண்டும் என்றும் தோட்டத் தொழிலாளர்கள் கேட்டார்கள். தன் வீட்டுக்கு மாமன் மைத்துனன் வருவதற்குப் பிறரிடம் அனுமதி கேட்க நேர்ந்த மனிதனின் நெஞ்சு எவ்வளவு புழுங்கியிருக்க வேண்டும்! கூலிக் கோரிக்கையைவிட இவ்விரண்டு கோரிக்கைகளே அந்தப் போராட்டத்தின் ஆத்மா என்பது என் கட்சி. முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரும், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் மே மாதத்தில் கைது செய்யப்பட்டார், கொந்தளிப்பு பரவியது, சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தத் தோட்டங்கள் பலவும் வீடமைப்புப் பேட்டைகளாகிவிட்ட இந்நாளில், அடுக்குமாடி வீட்டில் சோற்று மேசைமேல் மடிக்கணினியை விரித்துக்கொண்டு அமரும் அத்தொழிலாளரின் பேரப்பிள்ளைகளுடைய நிலை ஒரு விதத்தில் விசித்திரமானது. வாடகையும் மின் கட்டணமும் அவர்களுடையவை. கூரை முதலாளியின் தானமன்று. ஆயினும் இரவு பத்து மணிக்கு மேலதிகாரியின் வாட்ஸ்அப் செய்தி வந்தால், குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருக்கும் கை தானாகவே நிற்கிறது. பாட்டனாருக்கு அதிகாரம்தான் லயத்துக்குள் வந்தது. இவர்களுக்கோ வேலையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த மலேசிய வேலைச் சட்டத் திருத்தம், வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45ஆகக் குறைத்ததோடு, வேலை செய்யும் நேரத்தையும் இடத்தையும் மாற்றிக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பிக்க ஊழியருக்கு வழிசெய்து, முதலாளி 60 நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டுமென்றும் விதித்தது. வேலை முடிந்தபின் வரும் அழைப்பை ஊழியர் எடுக்காதிருக்கலாமா என்பதைப் பற்றி அத்திருத்தத்தின் பிரிவுகள் வாய் திறக்கவில்லை. அன்று தோட்டந்தோட்டமாகக் கூடிக் கேட்டவர்களின் வாரிசுகள், இன்று தனித்தனியே விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.