பேறுகாலத்துக்குப் பின் நீடிக்கும் சோர்வு

குழந்தை பெற்ற தாயை வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் விடாமல் பிடித்திருக்கும் களைப்பைப் பேறுகாலச் சோர்வு என்பர். கருப்பை சுருங்கிப் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு வாரம் ஆகிறது. மருத்துவம் பேறுகாலத்துக்குப் பிந்தைய காலத்தை 42 நாள் என்று கணக்கிடுவதும் அதனால்தான். களைப்பு இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. இதில் இரு வகையைப் பிரித்தறிய வேண்டும். நாலைந்து மணி நேரம் தடையின்றித் தூங்கி எழுந்தால் தணியும் அசதி ஒன்று. தூங்கி எழுந்தும் கைகால் ஓய்ந்து, படியேறினால் மூச்சிரைத்து, எதிலும் மனம் ஒட்டாமல் கிடக்கும் சோர்வு மற்றொன்று. முதலாவதற்கு வீட்டாரின் உதவி போதும். இரண்டாவதற்கு மருத்துவமும் வேண்டும். "பிள்ளை பெத்தா அப்படித்தான்" என்று இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால், எளிதில் குணமாகக்கூடிய நோய்கள் மாதக்கணக்கில் கவனிப்பாரின்றிக் கிடக்கின்றன.

முதல் காரணம் தூக்கம் துண்டுபடுவது. பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் 8 முதல் 12 முறை பால் குடிக்க விழிக்கும். இரவு பகல் பேதம் அதன் உடலுக்குப் பிடிபடவே இரண்டு மூன்று மாதம் ஆகும். இரவு 11 மணிக்கு அழும் குழந்தையை எடுத்து, நனைந்த துணியை மாற்றி, ஒரு பக்கம் பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் வரவைத்து, மறுபக்கமும் கொடுத்து, தூளியில் இட்டு ஆட்டி முடிக்கும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும். தாய்க்குக் கண் அயர மேலும் கால் மணி. ஒன்றரை மணிக்கு மறுபடியும் அழுகுரல். பெரியவர்களின் தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக நகர்வது. இப்படிப்பட்ட இரவில் ஒரு சுற்றுக்கு மேல் தொடர்ந்து அமைவது அரிது. மொத்தமாகக் கூட்டினால் ஆறு மணி நேரம் தூங்கியதாகக் கணக்கு வரலாம். உடலோ தூங்காத உடலாகவே இருக்கும். மறதி, எரிச்சல், காரணமில்லாமல் வரும் அழுகை எல்லாம் இதைத் தொடர்ந்து வருபவை.

இரண்டாவது, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை மிக முக்கியமானது, ரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை உண்டு. அதாவது ஏறத்தாழப் பாதிப்பேர் ரத்தசோகையோடுதான் கருவுறவே செய்கிறார்கள். வளரும் கரு தனக்கு வேண்டியதைத் தாயின் இருப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிரசவத்தில் ரத்தமும் போகிறது. அரை லிட்டருக்கு மேல் போனால் அதை மிகை ரத்தப்போக்கு என்கிறது மருத்துவம். ரத்தசோகை பரவலாக உள்ள நாடுகளில் பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரம் இரும்புச்சத்து மாத்திரை தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்திய அரசின் திட்டம் அதற்கும் மேலே சென்று 180 நாள் தருகிறது; 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை அது. கிராம சுகாதாரச் செவிலியர் கொண்டுவந்து கொடுத்தாலும், பல வீடுகளில் அது அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. மலம் கறுத்துப் போவதும், மலச்சிக்கலும், குமட்டலும் பயமுறுத்துகின்றன. மலம் கறுப்பது மாத்திரையின் இயல்பான விளைவு, கெடுதல் இல்லை. குமட்டுகிறவர்கள் இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீ, காபி அதைத் தடுக்கும். மாத்திரைக்கும் அவற்றுக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் விழுங்கக் கூடாது. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஹீமோகுளோபின் மிகக் குறைந்தவர்களுக்கும் ரத்தக்குழாய் வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதி உண்டு.

தைராய்டு சுரப்பியின் அழற்சி பலரும் அறியாத காரணம். பிரசவமான முதல் சில மாதங்களில் சுரப்பு மிகுந்து படபடப்பும் உடல் மெலிவும் தோன்றும். பின்பு, பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மாதத்துக்குள், சுரப்பு குறைந்து அசதியும் முடி உதிர்வும் மலச்சிக்கலும் வரும். இவை மூன்றுமே பிள்ளை பெற்ற எவருக்கும் வருபவை என்பதால் யாரும் ஐயப்படுவதில்லை. டி.எஸ்.எச். என்னும் எளிய ரத்தப் பரிசோதனை இதைக் காட்டிவிடும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகும். சிலருக்கு மாத்திரை தொடரும். பிரசவத்தில் ரத்தம் கொட்டியவர்களுக்குப் பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் சோர்வு மட்டும் தொடர்ந்தால், பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அரிதாக வருவதானாலும் தவறவிடக் கூடாத நோய் அது.

மனச்சோர்வு உடற்சோர்வின் வேடத்தில் வருவது வழக்கம். "மனசு சரியில்லை" என்று சொல்லத் தயங்கும் பெண்ணும் "உடம்பு முடியலை" என்று தயங்காமல் சொல்வாள். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமை, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாமை, தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வெறும் களைப்பு இல்லை. 1987இல் உருவான எடின்பரோ அளவுகோல் பத்துக் கேள்விகளில் இதைக் கண்டறிய உதவுகிறது. அதன் தமிழ் வடிவமும் சோதித்துச் சரிபார்க்கப்பட்டுள்ளது. தமிழகக் கிராமப்புறத் தாய்மாரிடையே நடந்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, 11 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு தோன்றியதாகக் கண்டது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், வீட்டு வேலைக்குக் கைகொடுக்க ஆளின்மை ஆகியவை அதில் தெரிந்த காரணிகள். கடைசிக் காரணி தனியாகக் கவனிக்கத் தக்கது: ஆள் துணை இல்லாமை மனநோய்க்கே வழியாகிறது. தன்னையோ குழந்தையையோ மாய்த்துவிடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், நெஞ்சுப் படபடப்பு ஆகியவற்றோடு வரும் சோர்வு இதயத் தசை தளர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். இதற்கும், காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள உதிரப்போக்குக்கும் காத்திருக்க நேரமில்லை.

பழைய வழக்கத்தில் பேறுகாலச் சோர்வுக்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்த மகளை மூன்று மாதமோ ஐந்து மாதமோ அடுப்படிப் பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள். லேகியத்தையும் பூண்டுக் குழம்பையும்விட அவளைத் தேற்றியது அந்த ஓய்வுதான். அதே பத்தியத்தில் தாய்க்குத் தீங்கானவையும் கலந்திருக்கின்றன. தண்ணீரைக் குறைப்பது, பழத்தையும் கீரையையும் விலக்குவது, உடம்பு ஊதும் என்று பகல் தூக்கத்தைத் தடுப்பது ஆகியவை கைவிட வேண்டியவை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். முட்டை, மீன், முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகு, அங்கன்வாடி தரும் சத்துமாவு எல்லாம் இதில் சேரும். சைவ உணவுக்காரர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்வது நல்லது.

தாய் வீட்டு ஓய்வு கிடைக்காத நகரத்துச் சிறு குடும்பத்தில் வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. பால் கொடுப்பது ஒன்றுதான் தாயால் மட்டும் முடிவது. துணி மாற்றுவதும், ஏப்பம் வரவைப்பதும், தூங்கவைப்பதும் தகப்பனும் செய்யக்கூடியவை. இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரை குழந்தை தகப்பன் பொறுப்பு என்று வைத்து, இடையில் பிழிந்து வைத்த தாய்ப்பாலைப் பாலாடையில் ஊட்டினால், தாய்க்கு நான்கு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைக்கும். துண்டு துண்டாகக் கிடைக்கும் ஆறு மணி நேரத்தைவிட அது மேல். பிழிந்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பு. அறுவை செய்து பெற்றவர்களுக்கு ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பது வயிற்று வலியைக் குறைக்கும். சோபாவில் சாய்ந்து பால் கொடுத்தபடியே தூங்கிப்போவது குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கண் சொருகும்போது குழந்தையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பார்க்க வரும் உறவினர் தொட்டிலருகில் உட்கார்ந்து தேநீருக்குக் காத்திராமல், சமைத்த சாப்பாட்டோடு வந்தால் அதுவே பெரிய உபகாரம்.

வேலைக்குத் திரும்பும் காலமும் சோர்வைத் தீர்மானிக்கிறது. 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும், நாளில் நான்கு முறை அங்கே சென்றுவரும் உரிமையையும் அது தந்தது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2021இல் விடுப்பை 12 மாதமாக்கியது. களையெடுப்பவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும் இவை எதுவும் எட்டுவதில்லை. ஏழைத் தாய்மாருக்கான தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் உட்பட, தவணை தவணையாக வருவது. கூலியை நம்பியிருக்கும் தாய்மார் அதற்குள்ளேயே, உடல் தேறும் முன், வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.