பணிசெயல் முறைமையும் எழுத்துரிமையும்: கொழும்புத் தமிழ்ச் சூழலை முன்வைத்து ஒரு குறிப்பு

உற்பத்திக் கருவி எவருடைய உடைமை என்னும் வினா அச்சுப்பண்பாட்டின் வரலாற்றில் எத்துணை முதன்மையானதோ, கணினியின் வரலாற்றிலும் அத்துணை முதன்மையானதாகும். 1983இல் றிச்சட் ஸ்டோல்மன் அறிவித்த குனூ திட்டமும், கெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டு, மறு ஆண்டில் குனூ உரிமத்தின்கீழ்க் கொணர்ந்த லினக்ஸ் கருநிரலும் இவ்வினாவுக்கு நடைமுறையில் அளிக்கப்பட்ட விடைகளாம். கணினியை இயக்கும் பணிசெயல் முறைமையின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் எவர்க்கும் உரிமை உண்டு என்பதே அவற்றின் அடிப்படை.

இவ்வரலாற்றில் கொழும்பு வெறும் நுகர்விடமாக இருந்ததில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையை அடுத்து இங்குள்ள மென்பொருளாளர் ஆக்கிய 'சகானா' என்னும் திறந்தமூல மென்பொருள், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிவுசெய்யப் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகநல விருது 2006இல் அதற்குக் கிடைத்தமை மனங்கொளத்தக்கது.

ஆயின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்த் தட்டச்சையும் பக்க வடிவமைப்பையும் தொழிலாகக் கொண்டோர் லினக்ஸுக்கு மாறத் தயங்குவது ஏன்? பழமைப்பற்று எனல் கருத்துமுதல்வாத விளக்கமேயாகும். தடை பொருள்சார்ந்தது. 'பாமினி' போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்களுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தின. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அத்தமிழ் பொருளற்ற உரோம எழுத்துக்களாகவே தோன்றும். பேஜ்மேக்கருக்கோ 2001இல் வந்த 7.0க்குப் பின் புதிய பதிப்பு இல்லை. லினக்ஸுக்கான பதிப்பு என்றுமே வந்ததில்லை. ஆகவே, உழைப்பாளி தன் உழைப்பின் விளைபொருளையே பிறரது கருவியின்றித் திறக்க இயலாதவனாகின்றான். களவாகப் படியெடுத்த இறுவட்டும் இந்நிலையை மாற்றுவதில்லை. அதனால் விலை மறைகின்றது, சார்பு எஞ்சுகின்றது.

எனவே புதிதாக மாறுவோர்க்குத் தொடக்கம் முறைமையன்று, எழுத்தேயாம். யூனிக்கோட்டில் 1991 முதல் தமிழுக்கு இடமுண்டு. பழைய கோப்புக்களை முதலில் அதற்கு மாற்றுதல் வேண்டும். அடுத்து, வன்தட்டில் எதனையும் நிறுவாது, யூஎஸ்பியிலிருந்தே லினக்ஸை இயக்கி, லிப்ரே ஒபிஸில் தமிழ் எழுதிப் பழகலாம். நிறுவுதல் இறுதிப் படியே.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிவுற்றது. அடுத்த பதிப்பை ஏற்கவியலாத, எனினும் பழுதற்ற கணினிகளை வைத்திருப்போர்க்கு இவ்வினா இன்று பிழைப்பைப் பற்றியதாகும். ஆயினும் கோப்புக்களை மாற்றும் உழைப்புக்குக் கூலி கொடுப்பார் இல்லை. அச்சுமையைச் சிறுதொழிலாளர் தலையில் ஏற்றிவிட்டுச் சுதந்திரம் பேசுதல் முறையன்று. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தம் மாணவரைக் கொண்டு அதனைப் பங்கிட்டுக்கொள்வதே தக்கது.