காஸி: கடனாக வந்த கப்பல்

காஸி என்ற பெயரைக் கேட்டாலே எங்கட ஆட்களுக்கு ஒரு ரோசம் வரும். அறப்போரில் நின்றவர் என்பது கருத்து. அந்தப் பெயரைச் சுமந்த பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலுக்கு முதல் வைத்த பெயரோ டியாப்லோ. ஸ்பானிய மொழியில் அதற்குச் சைத்தான் என்று அர்த்தம். பயப்பட ஒன்றுமில்லை, அமெரிக்கர் அந்தக் காலத்தில் நீர்மூழ்கிகளுக்கு மீன்களின் பெயரைத்தான் வைப்பார்கள். இதுவும் ஒரு மீன்தான்.

அமெரிக்காவின் போட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. 1944 டிசம்பர் 1இல் நீரில் இறக்கினார்கள். 1945 மார்ச் 31இல் சேவையில் சேர்ந்தது. முதல் போர்ப் பயணம் புறப்பட்ட அந்த ஓகஸ்ட் மாதத்திலேயே ஜப்பான் சரணடைந்துவிட்டது. 1964 ஜூன் 1இல் பாகிஸ்தானுக்குக் கைமாறியது. விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தார்கள். தென்னாசியாவிலேயே முதல் நீர்மூழ்கி என்ற பெருமை அதற்கு.

1965 யுத்தத்தில் அந்த ஒரு கப்பலை நினைத்தே இந்தியக் கடற்படை அவதானமாக நடந்தது. ஆனால் அதே யுத்தத்தோடு அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுதத் தடை போட்டது. இங்கேதான் விஷயம் இருக்கிறது. காஸி என்று பெயர் வைக்கலாம், கலிமா சொல்லிக் கடலில் இறங்கலாம்; உதிரிப்பாகத்துக்கு யாரிடம் போவது? துருக்கிக்குத்தான் போனார்கள். அதுவும் லேசான பயணமா? 1967 ஜூனில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டதால் ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றி கோல்ஜுக் தளத்துக்குப் போய்ப் பழுதுபார்த்தார்கள்.

இந்தியாவின் கதையும் இதிலிருந்து ரொம்பத் தூரமில்லை. அவர்கள் சோவியத் நாட்டைப் பிடித்தார்கள். முதல் நீர்மூழ்கி கல்வாரி 1967 டிசம்பர் 8இல் ரீகா துறைமுகத்தில் கொமாண்டர் கே. எஸ். சுப்பிரமணியன் தலைமையில் சேவையில் சேர்ந்தது. அதுவும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் 1968 ஜூலையில் விசாகப்பட்டினம் வந்தது. சண்டைக்காரர் இரண்டு பேரும் அந்நியன் கட்டின கப்பலோடு ஒரே சுற்றுப்பாதையில்!

பாகிஸ்தான் பிறகு பிரான்சிடம் மூன்று புதிய நீர்மூழ்கிகள் வாங்கியது. நவீனமானவை, ஆனால் கராச்சியிலிருந்து வங்காள விரிகுடா வரை போய்வரும் தூரம் அவற்றுக்குத் தாங்காது. அந்தத் தூரம் போகக்கூடியது 27 வயதான காஸி மட்டும்தான். அதனாலேயே 1971 நவம்பர் 14இல் அதை அனுப்பினார்கள். நவம்பர் 19இல் அது இலங்கைக் கரையோரம் வந்ததாக இந்தியக் கடற்படை வரலாறு சொல்கிறது. வில்கமுவப் பக்கம் ஓடும் மகாவலி போய் விழுகிற கிழக்குக் கடல், அது நுழைந்த வங்காள விரிகுடாதான். இங்கே நாம் வயல் வேலையில் இருந்த நாட்கள் அவை.

டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே தொண்ணூறுக்கு மேற்பட்ட ஆட்களோடு காஸி மூழ்கியது. தாங்கள் போட்ட ஆழ்நீர்க் குண்டால் என்கிறது இந்தியா. கண்ணி விதைக்கும்போது நேர்ந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். எதற்காக அனுப்பினார்களோ அந்தக் கிழக்குப் பாகிஸ்தானில் அடிபட்டவர்களிலும் பலர் முஸ்லிம்கள்தான் என்பதைக் காஸியின் வீரக்கதை சொல்கிறவர்கள் சேர்த்துச் சொல்வது குறைவு. மூழ்கிய கப்பல் இன்னும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.